மணி ஏன் அடிக்கவில்லை என்று ஊர் கேட்டது

1987-ம் வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் கோயிலின் மணிக்கோபுரம் விரிசல் விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இரண்டாம் பாட்டு முடிந்து எல்லோரும் உட்காரும் நேரம், மேலேயிருந்து பெரிய காரைத் துண்டு ஒன்று கடைசி பெஞ்சில் விழுந்து நொறுங்கியது. அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் வழக்கம்போல லேட். கோயிலுக்கு லேட்டாக வருவதால் ஒரு நன்மை உண்டு என்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதை வாசிக்கிற விசுவாசக் குடும்பத்தாரே, என் பெயர் சாந்தகுமாரி. திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம், எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டில் குடியிருக்கிறேன். மைக் பிடித்துச் சாட்சி சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கேட்டால் எனக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். இரண்டும் உண்மைதான். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை என்னோடு மூடி வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. அதாவது கோயிலைப் பெருக்குவது, விளக்கேற்றுவது, மணி அடிப்பது அவர் வேலை. முன்னே அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தார். மெஷினில் வலது கையின் இரண்டு விரல் போனது. அதற்குப் பிறகு யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இனி கையே இல்ல சாந்தா" என்று சுவரைப் பார்த்துப் படுத்தவரை எழுப்பி நிறுத்தியது அந்த மணிக் கயிறுதான். மூன்று விரலில் பிடித்து இழுக்கப் பழகினார். காலை ஐந்து மணி, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. ஜுரம் வந்தாலும் விடமாட்டார்.

கோயில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம். சித்திரை வெயிலில்கூட உள்ளே போனால் பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளு என்று இருக்கும். எனக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான். பிறந்த அன்றே இறந்துபோன என் முதல் குழந்தைக்கு ஆயர் ஐயா ஜெபம் பண்ணியதும் அங்கேதான்.

சபையார் ஒருவரின் மருமகன் கட்டட இன்ஜினியர். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார். கோபுரம் கோயிலை விட்டு வெளிப்பக்கமாகப் பிரிந்துகொண்டு வருகிறதாம். உத்திரங்களின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப் போயிருக்கிறதாம். குறுக்கே இரும்புக் கம்பிகள் ஓட்டி, வெளியே தகடு வைத்து, நட்டைத் திருகித் திருகிக் கோபுரத்தைக் கோயிலோடு இழுத்துக் கட்ட வேண்டும், உத்திரத்தைச் சரிசெய்ய வேண்டும், அப்போதுதான் நிற்கும் என்றார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டிவிட்டுச் சொன்னார்:

"விரிசல் நகர்ந்தா இந்தக் கண்ணாடி உடைஞ்சிடும். உடையாம இருக்கிற வரைக்கும் பயமில்ல. ஆனா இனிமே மணி அடிக்கக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் கோபுரம் ஆடுது."

என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டி மேலே ஆணியில் கட்டினார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. செயலாளர் செல்லதுரை சார் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் ரூல் பேசுவார். ஈஸ்டர் வரை பார்ப்பது, வழி பிறக்கவில்லை என்றால் கோயிலை இடித்துவிட்டு ஒரு காங்கிரீட் ஹால் கட்டுவது என்று முடிவாயிற்று. அதோடு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். விஷயம் காம்பவுண்டைத் தாண்டிப் போகக் கூடாது. ஏரிக்கரையில் பிளாட் போடுகிறவர்கள் காதில் விழுந்தால் இடத்தை விலைக்குக் கேட்டு வந்து நிற்பார்கள், ஊரார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், சபை மானம் போகும் என்றார் செல்லதுரை சார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆயர் ஐயா வீட்டில் உபவாச ஜெபம் வைத்தோம். கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, தொண்டை கட்டும்வரை ஜெபித்தோம். வெளிநாட்டில் இருக்கிற பழைய சபையாருக்கு எழுதிப் போட்டோம். ஒருவரும் பதில் போடவில்லை. நான் தனியாகவும் ஜெபித்தேன். "ஆண்டவரே, ஒரு பெரிய மனுஷனை அனுப்பும். ஒரே ஒரு ஆள் போதும். கார் வாசலில் வந்து நிற்கட்டும்" என்று காரின் கலரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். எந்தக் காரும் வரவில்லை.

வீட்டில் என் மனுஷர் பேச்சை நிறுத்தினார். கேட்டால் ம், ஊம். தட்டில் சோறு போட்டால் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஐந்து மணிக்கு வழக்கம்போல எழுந்து, கோபுரத்துக் கீழே போய், அண்ணாந்து கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். கோயில் போனால் இந்த மனுஷரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் சமையல் கட்டில் நின்றுகொண்டு ஆண்டவரோடு சண்டையே போட்டேன். "உம்முடைய வீடுதானே அது? எனக்கு இருக்கிற கவலைகூட உமக்கு இல்லையா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் காலையிலேயே பின்வாசலில் ஒரு சத்தம்.

"யம்மோவ், சாந்தாம்மா! ஊட்ல கீறியா?"

முனியம்மா அக்கா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவர்கள் குடும்பமே ஒரு காலத்தில் கழனி வேலை செய்தவர்கள். இப்போது அக்காவின் தம்பி வேலு மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். பால் கொடுக்க வந்தாரா என்றால் கையில் சொம்பு இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது அநியாயம்? இத்தினி நாளு பொறுத்துப் பார்த்தேன், மணி ஏன் அட்ச்சல? உன் ஊட்டுக்காரரு மணி அட்ச்சாதான் நான் எய்ந்து பால் கறப்பேன். எந்தம்பி கம்பெனிக்குக் கெளம்புவான். நேத்தி ரயில உட்டான், அதுக்கு முந்தா நாளும் உட்டான். அரை நாள் சம்பளம் கட்டு. தெருவே பேஜாரா கீது. உங்க சாமி இன்னா லீவுல பூட்டாரா?"

கயிறு ரிப்பேர் என்று சொல்லி அனுப்பத்தான் வாயைத் திறந்தேன். கமிட்டி முடிவு அப்படி. ஆனால் வாயிலிருந்து வந்தது அழுகை. விரிசல், கண்ணாடி, ஈஸ்டர், இடிப்பு, சாப்பிடாத என் மனுஷர், எல்லாவற்றையும் அவர் தோளில் சாய்ந்து கொட்டிவிட்டேன். அக்கா கேட்டு முடித்துவிட்டு என்னை நிமிர்த்திப் பிடித்தார். கோபத்தில் அவர் மூக்கு விடைத்திருந்தது.

"ஏம்மா, ஊரு மணிய வச்சிகினு, கதவ சாத்திகினு, நீங்களே அழுவுறீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்க இன்னா அசலூரா?"

ஊர் மணி என்று அதை அதுவரை எங்களில் யாரும் நினைத்ததில்லை.

அக்கா நேரே தெருக்குழாய்க்குப் போனார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? மத்தியானத்துக்குள் ஏரிக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. செல்லதுரை சார் என்னைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம்.

வந்த ஞாயிற்றுக்கிழமை, கோபுரத்துக்குப் பயந்து கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்த ஆராதனை முடிகிற சமயம், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம். ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். நம்மவர்கள் பயந்துவிட்டார்கள். ஒருவர் ஓடிப்போய் கேட்டைப் பூட்டினார். ஆயர் ஐயா ஆசீர்வாத ஜெபத்தை முடித்துவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல், தானே போய்ப் பூட்டைத் திறந்தார். அதற்காகவே அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் கோதண்டம் ஐயா. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துப் பெரியவர். நெற்றி நிறைய திருநீறு. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஐயா, கோயில இடிக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டோம். நெசமா?"

செல்லதுரை சார் முன்னே வந்து, "இது எங்க சபையோட உள்விவகாரங்க" என்றார்.

"இருக்கட்டும் சார். போன வருசம் எங்கம்மா செத்துப் பூட்டாங்க. பொணம் ஊட்ட உட்டு எய்ந்து சுடுகாடு போய்ச் சேர்ற வரைக்கும் உங்க மணி அட்ச்சிகினே இருந்தது. ஒண்ணு அட்ச்சி, கொஞ்ச நேரம் உட்டு, இன்னொண்ணு. நாங்க யாரும் சொல்லல. நீங்க யாரும் கேக்கல. அது உள்விவகாரமா?"

அப்புறம்தான் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவருக்குத் தகப்பன், ஒருவருக்கு மனைவி. வேலுவுக்கு, லாரி மோதிச் செத்த அவன் கூட்டாளி. அந்த ஊரில் யார் செத்தாலும், எந்தச் சாமி கும்பிட்டாலும், பாடை கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சாவு மணி அடித்திருக்கிறார். எனக்குத் தெரியும். செல்லதுரை சாருக்கும் தெரியும். சபையார் சாவுக்குத்தான் அந்த மணி என்று இரண்டு தடவை என் வீட்டுக்காரரைக் கண்டித்தவரே அவர்தான். "செத்தவங்க வூட்ல அழுவுற சத்தம் ஒரே மாதிரிதான் சார் கேக்குது" என்று சொல்லிவிட்டு என் மனுஷர் அடித்துக்கொண்டேதான் இருந்தார்.

அவரைத் தேடினேன். மரத்துக்குப் பின்னால் நின்று, மூன்று விரல் கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். அன்பானவர்களே, ஒரு பெரிய மனுஷனை அனுப்பும் என்று கேட்டேன். ஆண்டவர் வேட்டியை மடித்துக் கட்டிய ஊரையே அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் ஜெபித்ததற்குப் பதில், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

இரும்பு வேலையை வேலு எடுத்துக்கொண்டான். அவன் முதலாளி முதலில் முறைத்தாராம். பிறகு கம்பியையும் தகட்டையும் அவரே கொடுத்து, லீவு நாளில் பட்டறையைத் திறந்து வைத்தார். வேலுவின் கூட்டாளிகள் இரும்புக் கம்பிகளின் முனையில் நட்டு ஏற மரை வெட்டினார்கள். இன்ஜினியர் தம்பி அளவு சொன்னால் மறுவாரம் சாமான் ரெடியாக இருக்கும். கோதண்டம் ஐயா தன் பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்திருந்த தேக்கு உத்திரங்களைக் கொடுத்தார். தன் பேரனின் வீட்டுக்கென்று வைத்திருந்தவை அவை.

வெளியூர்களுக்கும் போய்க் கேட்க வேண்டியிருந்தது. யார் போவது? செல்லதுரை சார் போனால் கோயிலின் சரித்திரத்தை ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். ஆகவே நானும் முனியம்மா அக்காவும் போனோம். நான் வெள்ளைச் சேலை, கையில் பைபிள். அவர் நெற்றியில் ரூபாய் அளவு குங்குமம், வாயில் வெற்றிலை. மேனாம்பேட்டிலும் ஆவடியிலும் தெருத் தெருவாக நடந்தோம். கதவு திறந்ததும் நான் ஸ்தோத்திரம் சொல்வதற்குள் அக்கா ஆரம்பித்துவிடுவார்.

"எங்க ஊரு மணி நின்னு போச்சிம்மா. உங்க ஊட்ல கடியாரம் கீது, பொழச்சிகினீங்க. எங்களுக்கு அந்த மணிதான் கடியாரம். எதுனா குடுங்க."

கொடுத்தார்கள். சுண்ணாம்பு, காரையில் கலக்க வெல்லம், சாக்கு, கயிறு, வேலை ஆட்களுக்கு அரிசி. காசு கொடுத்தவர்களும் உண்டு. அதை எண்ணுகிற தலைவலியைச் செல்லதுரை சாரிடம் விட்டுவிட்டோம். நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்போம் இல்லையா, அதைக் கேள்விப்பட்டு அக்காவின் தெருப் பெண்களும் பிடி அரிசி எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். "உங்க சாமிக்கு ஒரு புடி, எங்க மாரியாத்தாவுக்கு ஒரு புடி, மிச்சந்தான் எங்களுக்கு" என்று ஒருத்தி சிரித்தாள். அந்த அரிசியில்தான் வேலை செய்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியக் காத்துக்கொண்டு வேலுவும் ஆட்களும் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆயர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. தை மாதம் ஒரு காலை, என் வீட்டுக்காரர் கோபுரத்திலிருந்து வேகமாக வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கண்ணாடிப் பட்டை. இரண்டு துண்டு.

விரிசல் நகர்ந்துவிட்டது. கமிட்டி மறுபடி கூடியது. "ஜனங்க மேல விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" என்று செல்லதுரை சார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கம்பி ஓட்டும்வரை யாரும் கோபுரத்துக் கிட்டே போகக் கூடாது என்று சொல்லி, இன்ஜினியர் தம்பி சுவருக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார். அந்த வாரம் நாங்கள் ஜெபித்தபோது கதவைச் சாத்தவில்லை. வெளியே முனியம்மா அக்கா, வேலு, கோதண்டம் ஐயா என்று எல்லோரும் நின்றார்கள். அவரவருக்குத் தெரிந்த மாதிரி கும்பிட்டார்கள். நான் பெரிய ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை. "அப்பா, பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னேன்.

மாசியில் உளுத்த உத்திரங்களை மாற்றி, கம்பிகளை ஓட்டினார்கள். இரண்டு பக்கமும் தகடு. வேலு ஒரு பெரிய ஸ்பேனரோடு ஏறி, இன்ஜினியர் தம்பி கீழேயிருந்து சொல்லச் சொல்ல, நட்டை ஒரு சுற்றுத் திருகுவான், நிறுத்துவான். மறுநாள் இன்னொரு சுற்று. அவசரப்பட்டால் சுவர் பிளக்கும். விரல் நுழைகிற விரிசல் கத்தி நுழைகிற விரிசலாயிற்று. பிறகு அதுவும் இல்லை. அதில் சுண்ணாம்பு அடைத்து, குறுக்கே புதுக் கண்ணாடி ஒட்டினார்கள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் நான் செய்த தியானம் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதுதான். பால் ஊற்றப் போகிற அக்கா பார்ப்பார். ரயிலுக்கு ஓடுகிற வேலு பார்ப்பான். கோதண்டம் ஐயா தன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பெரிய வெள்ளி அன்று செல்லதுரை சாரே ஏணியில் ஏறித் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். "முழுசா இருக்கு" என்றார். கோயிலை இடிப்பது என்ற பேச்சைக் கமிட்டி அன்றைக்கே விட்டுவிட்டது.

ஈஸ்டர் விடியலில், இன்ஜினியர் தம்பி சரி என்று சொன்ன பிறகு, என் வீட்டுக்காரர் ஆணியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். கேட் திறந்தே இருந்தது. உள்ளேயும் வெளியேயும் கூட்டம். அவர் கயிற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். இழுத்தார்.

மணி அடித்தது. எல்லோரும் முதலில் பார்த்தது மேலே மணியை இல்லை, கண்ணாடியை. அது அசையவில்லை. அவர் மறுபடி இழுத்தார். மறுபடி. ஏரிக்கரையில் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. நாங்கள் உயிர்த்தெழுந்த பாட்டைப் பாட ஆரம்பித்தபோது, கூட்டத்துக்கு நடுவில் முனியம்மா அக்காவின் குரல்தான் மேலே கேட்டது.

"அப்பாடா, இப்பத்தான்டா பொழுது விட்ஞ்சிது!"

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். என் மனுஷர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்தார். "சாந்தா, பசிக்குது. இன்னா கீது?" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அது. தட்டு நிறைய இட்லியை எடுத்து வைத்தேன். கோயில் நின்றது பெரிய அற்புதம். எனக்கு என் புருஷன் பசிக்கிறது என்று சொன்னதும் அதே அளவு அற்புதம்தான்.

அதற்குச் சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், கோதண்டம் ஐயா காலமானார். அன்று என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தெருவில் பறைச் சத்தம் கேட்டது. நான் அவரைக் கூட்டிவர வாசலுக்கு ஓடினேன். எதிரே செல்லதுரை சார், அந்த வயசில், செருப்புகூட இல்லாமல், மூச்சிரைக்க ஓடி வருகிறார். சாவு மணி சபையாருக்கு மட்டும்தான் என்று இரண்டு தடவை கண்டித்த அதே மனுஷர்.

"எங்கம்மா ஆசீர்வாதம்? பாடை கிளம்பப் போகுது. மணி ஏன் இன்னும் அடிக்கல?"

நான் பதில் சொல்லும்வரை அவர் நிற்கவில்லை. நேரே கோபுரத்துக்குப் போய், கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டார். அவருக்கு அடிக்கத் தெரியாது. தாளம் தப்பித்தப்பி, ஒன்று அடித்து, விட்டு, இன்னொன்று அடித்தார். என் வீட்டுக்காரர் ஓடி வந்து சேரும்வரை அடித்தார். அழுதுகொண்டே அடித்தார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. வியாதியாக இருக்கலாம், வீட்டுப் பிரச்சினையாக இருக்கலாம், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அவர் அனுப்புகிற ஆள் பின்வாசலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உங்களைத் திட்டிக்கொண்டுகூட நிற்கலாம். திறந்து விடுங்கள்.

அந்தக் கண்ணாடி இன்னும் கோபுரச் சுவரில் இருக்கிறது. தூசி படிந்தால் நான்தான் துடைக்கிறேன். எங்கள் பக்கம் வந்தால் பாருங்கள், கேட் திறந்துதான் இருக்கும்.